பூனையின் நாவும் உதிர்ந்த உரோமமும்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

பாற்கடல் முழுவதையும் நக்கியே குடித்துவிடப் புகுந்த பூனை ஒன்றைக் கம்பர் தம் அவையடக்கத்தில் காட்டுகின்றார். முதலாண்டுத் தமிழ் வகுப்பில் அந்தப் பாடலைக் கேட்டபோது நாங்கள் பூனையின் பேராசையை எண்ணிச் சிரித்தோமேயன்றி, அதன் நாவைப் பற்றிச் சிறிதும் எண்ணவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பூனை நோயுற்றபோதுதான் அந்த நாவைப் பற்றி எண்ண வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டது. விலங்கியல் பயிலும் மாணவனாகிய நான் செய்த ஒரு பெரும் பிழையும், அதனால் கற்ற சில உண்மைகளும் இக்கட்டுரையின் பொருள். வீட்டில் பூனை வளர்க்கும் நண்பர்களுக்கு இது பயன்படும் என நம்புகின்றேன்.

கோணிப்பைத் தீர்ப்பு

எங்கள் பூனையின் பெயர் சின்னி. சாம்பல் நிறத்தில் கருவரிகள் ஓடும் சாதாரண நாட்டுப் பூனை. நெல் மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் எலிகளுக்கு எமனாக விளங்கியது. மூட்டைகளின் ஓரத்தில் மடித்துப் போட்ட பழைய கோணி ஒன்றே அதன் படுக்கை. ஐப்பசி அடைமழை தொடங்கிய சில நாள்களில் அதன் வாலடியிலும் பின்தொடைகளிலும் உரோமம் குறையத் தொடங்கியது. கார்த்திகை பிறப்பதற்குள் வயிற்றுப் பக்கம் முழுவதும் வழுக்கையாகிவிட்டது. முதுகைத் தடவினால் கேழ்வரகு போன்ற சிறுசிறு பொருக்குகள் விரலில் தட்டுப்பட்டன.

அதே நாள்களில், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் தோன்றின. இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தாள். வீட்டில் தீர்ப்பு எழுத அதுவே போதுமானதாயிற்று.

"பூனைக்கு வந்த படை புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை கோணியில கட்டிக் கொண்டுபோய் ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வந்துடு ராசா" என்றார் அப்பாயி. அப்பாவும் அதை மறுக்கவில்லை. தங்கை மட்டும் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள்கள் இருந்தன. அதற்குள் சின்னியைக் குணப்படுத்திவிட வேண்டும் என்று நான் உறுதி பூண்டேன். தெருவில் ஒருவர், "வெந்நீரில் கொஞ்சம் பினாயில் விட்டுக் குளிப்பாட்டினால் எல்லாப் பூச்சியும் செத்துப்போகும்" என்று சொன்னார். தரையைத் தூய்மை செய்யும் மருந்து தோலையும் தூய்மை செய்யாதா என்று நானும் எண்ணினேன். செய்தும் விட்டேன்.

நனைந்த பூனை என்ன செய்யும்? மூலையில் உட்கார்ந்து தன் உடலை நக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. நடக்க முயன்றபோது பின்னங்கால்கள் தள்ளாடின. பிறகு உடல் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. அப்பாவும் நானும் அதை ஒரு கூடையில் வைத்து மூடி, அடுத்த ஊரிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் முதலில் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பினாயிலை முழுவதும் கழுவினார். பிறகு துணியில் சுற்றிச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, ஊசி வழியாக உப்பு நீரும் மருந்தும் செலுத்தினார். இரண்டு நாள்கள் கழித்துத்தான் சின்னி ஒரு துண்டு மீனை முகர்ந்து பார்த்துத் தின்றது.

அன்று மருத்துவர் என்னைப் பார்த்து, "தம்பி, முடி தானா உதிருதா? இல்லை, பூனையே நக்கி எடுக்குதா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் என்ன படிக்கின்றேன் என்று கேட்டார். சொல்லத் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப காலேஜில மைக்ராஸ்கோப் இருக்குமே! பத்து முடியை எடுத்துக்கிட்டுப் போய் அதோட நுனியைப் பாருங்க" என்றார்.

முடிநுனி சொன்ன சாட்சி

எங்கள் துறைப் பேராசிரியரின் இசைவு பெற்று மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனையைச் செய்தேன். மிக எளிய சோதனைதான். வழுக்கையின் ஓரத்திலிருந்து சில முடிகளை மெல்லப் பிடுங்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு துளி திரவப் பாரஃபின் விட்டு, மூடுதகட்டை இட்டுக் குறைந்த உருப்பெருக்கத்தில் காண வேண்டும்.

இயல்பாக வளர்ந்த முடியின் நுனி ஊசி போலக் கூர்ந்து முடியும். நோயினால் மயிர்க்கால் தளர்ந்து முடி தானாக உதிரும் இடத்திலும், அங்கு எஞ்சியுள்ள முடிகளின் நுனி கூர்மையாகவே இருக்கும். ஆனால் பூனை நக்கியும் கடித்தும் எடுத்த இடத்தில், நுனி வெட்டுண்டு, தேய்ந்த விளக்குமாறு போலப் பிரிந்து நிற்கும். நான் பார்த்த முடிகளில் ஏறத்தாழ எல்லாமே முறிந்த நுனியுடன் இருந்தன. சின்னிக்கு முடி உதிரவில்லை. சின்னியே அதை நக்கி எடுத்துக்கொண்டிருந்தது!

இதை வீட்டில் எவரும் கண்டதில்லையே என்று வியந்தேன். பூனை தன்னை நக்கிக்கொள்வது அன்றாடக் காட்சி. அளவுக்கு மீறி நக்கினாலும் அதைத் தூய்மை என்றே நாம் கருதுகின்றோம். பல பூனைகள் ஆளில்லாத இடத்தில் ஒதுங்கி இதைச் செய்வதும் உண்டு.

பூனையின் நா சாதாரண நா அன்று. அதன் மேற்பரப்பில் தொண்டையை நோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான முட்கள் உள்ளன. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்னும் புரதத்தாலானவை அவை. அம்முட்களின் நுனியில் கரண்டி போன்ற ஒரு குழிவு உண்டு என்றும், உமிழ்நீரை ஏந்திச் சென்று உரோமத்தின் அடிவரை சேர்ப்பது அக்குழிவே என்றும் அமெரிக்க ஆய்வாளர்களான அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் வெளியிட்டனர். சீப்பும் தூரிகையும் ஒன்றாய் அமைந்த கருவி எனலாம். அரிப்பு எடுக்கும்போது அதே கருவி அரமாக மாறி முடியை அறுத்துவிடுகின்றது.

காணாமற்போன குற்றவாளி

அப்படியானால் சின்னிக்கு அரிப்பு ஏன் வந்தது? பூனை அதிகமாக நக்கினால் மனக்கவலையே காரணம் என்று கூறுவோர் உளர். 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. மனக்கவலையால் நக்குவதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகப் பரிசோதித்தபோது, 16 பூனைகளுக்கு உடல் நோயே காரணம் என்று தெரியவந்தது. மனக்காரணம் மட்டுமே உடையவை 2 தாம். மீதி 3 பூனைகளுக்கு இரண்டும் கலந்திருந்தன. ஆகவே முதலில் தோலைத்தான் ஆராய வேண்டும்.

நான் சின்னியின் உடலெங்கும் தேடினேன். ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் கற்றுத் தந்த சோதனை, நுண்ணோக்கியும் தேவைப்படாத ஒன்று. நெருங்கிய பற்களையுடைய பேன் சீப்பால் பூனையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வாரவேண்டும். விழும் கரும்பொடிமீது சில துளி நீர் விட்டுச் சற்றுப் பொறுக்கவேண்டும். மண்துகளாயின் மண்ணாகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாயின் அதைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் படரும். ஏனெனில் அது செரித்த இரத்தம்.

அந்தத் தாளை நான் வீட்டுக் கூடத்தில் அனைவர் முன்னிலையிலும் வைத்தேன். நீர் பட்ட கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அப்பாயி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "அட, இது ரத்தமால்ல இருக்கு!" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அன்றே நின்றது.

பூச்சி கண்ணில் படாததற்குக் காரணமும் அந்த நாவே. அரிப்பெடுத்த பூனை ஓயாது நக்கும்போது பூச்சிகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றது. பூனையின் உமிழ்நீர் குற்றவாளியை மறைத்து, எச்சத்தை மட்டும் சாட்சியாக விட்டுவைக்கின்றது.

தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கை

டீனோசெஃபலைட்ஸ் ஃபெலிஸ் என்பது பூனைத் தெள்ளுப்பூச்சியின் அறிவியற் பெயர். பெயர் பூனைக்குரியதாயினும் நாயையும் இது விடாது. இதன் உமிழ்நீரில் உள்ள புரதங்கள் சில பூனைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. அத்தகைய பூனைக்கு ஓரிரு கடியே உடல் முழுவதும் அரிப்பெடுக்கப் போதும். ஆகவே பூச்சியின் எண்ணிக்கைக்கும் நோயின் கடுமைக்கும் நேரான தொடர்பு இல்லை. நான் விரலால் உணர்ந்த கேழ்வரகுப் பொருக்குகள் இந்த ஒவ்வாமையின் அடையாளமே.

பெண் பூச்சி ஒரு நாளில் 40 முட்டைகள் வரையிலும் இட வல்லது. முட்டைகள் வழவழப்பானவை, உரோமத்தில் ஒட்டாமல் பூனை படுக்கும் இடத்தில் உதிர்ந்துவிடும். அங்கு பொரிக்கும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து, கோணியின் இழைகளிலும் தரை வெடிப்புகளிலும் புகுந்துகொண்டு, மேலிருந்து உதிரும் இரத்த எச்சத்தை உண்டு வளரும். ஈரமும் வெப்பமும் இவற்றிற்கு உகந்தவை. ஐப்பசி மழையில் சின்னியின் நோய் தொடங்கியதன் மறைபொருள் இதுவே. பிறகு புழு, தூசு ஒட்டிய கூட்டுக்குள் அடங்கிப் பல மாதங்கள்கூடக் காத்திருக்கும். ஓர் உயிரின் வெப்பமும் நடையதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் கூட்டை உடைத்துத் துள்ளி வெளிவரும். எதிர்ப்படுவது பூனையாயின் பூனை. பள்ளிச் சிறுமியின் கணுக்காலாயின் அதுவும் சரியே! என் தங்கையின் தடிப்புகள் படையல்ல, தெள்ளுக்கடி என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஆகவே பூனையின் மேலிருக்கும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. பெரும் பகுதி வீட்டில் இருக்கின்றது. பூனையை மட்டும் மருந்திட்டு வீட்டை விட்டுவிட்டால் நோய் திரும்பும். பூனையைக் கோணியில் கட்டி அக்கரைக்கு அனுப்பியிருந்தாலும் தங்கையின் அரிப்பு நின்றிருக்காது. பசித்த பூச்சிகள் அவளைத்தான் மேலும் தேடியிருக்கும்.

வேறு காரணங்கள்

முடியிழந்த எல்லாப் பூனைகளுக்கும் தெள்ளுப்பூச்சியே காரணம் என்று கொள்ளலாகாது. அப்பாயி அஞ்சிய படையும் உண்மையில் உண்டு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையால் வருவது அது. முகம், காது, முன்னங்கால்களில் வட்டமாக முடி உதிர்ந்து, தோலில் செதில் படியும். குட்டிகளையே மிகுதியும் தாக்கும். பல பூனைகளுக்கு அரிப்பு அதிகம் இராது. நுண்ணோக்கியில் நோயுற்ற முடி பருத்து, வித்துகள் மொய்த்துக் காணப்படும். அமெரிக்க இயற்பியலறிஞர் இராபர்ட் வில்லியம்ஸ் உட் 1903இல் உருவாக்கிய விளக்கின் புற ஊதாக் கதிரில் இம்முடிகள் பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிர்வதுண்டு. ஒளிராவிட்டால் நோயில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பூஞ்சையை வளர்த்துப் பார்த்தே உறுதி செய்வர். இது மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றும். எனினும் குணப்படுத்தக் கூடியதே.

நோட்டோஎட்ரஸ் கேட்டி என்னும் எட்டுக்கால் சிற்றுண்ணி உண்டாக்கும் சொறி மற்றொன்று. காது மடலின் ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து எனப் பரவும். பூனை சுருண்டு படுக்கும் இயல்பினால் பாதங்களுக்கும் வாலடிக்கும் தாவும். தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்குக் கட்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்ணியையே காணலாம். இவை தவிர உணவு ஒவ்வாமையாலும், வயது முதிர்ந்த பூனைகளில் தைராய்டு சுரப்பு மிகுவதாலும் முடி குறையலாம். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆகவேதான் காரணம் அறியுமுன் மருந்திடுவது தவறு.

பினாயில் ஏன் நஞ்சாயிற்று?

என்னை மிகவும் வருத்திய கேள்வி இது. பினாயில் வகைகளில் உள்ள ஃபீனால் சார்ந்த பொருள்கள் உடலுக்குள் சென்றால், நம் கல்லீரல் அவற்றைக் குளுகுரானிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். அந்த இணைப்பைச் செய்யும் நொதிகளுள் முக்கியமான ஒன்றிற்குரிய மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கின்றது. சிங்கமும் புலியும் இதற்கு விலக்கல்ல. இறைச்சியையே உண்டு வாழ்ந்த இவ்விலங்குகளுக்குத் தாவர நச்சுகளை முறிக்கும் தேவை ஏற்படாததால் அந்த ஆற்றல் காலப்போக்கில் தேய்ந்தது என்பர். எனவே நமக்கும் நாய்க்கும் தீங்கு செய்யாத அளவும் பூனைக்கு நஞ்சாகலாம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறிக்கக் கூடும். நாய்களின் உண்ணிக்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும், மனிதச் சொறிக்குத் தடவும் பென்சைல் பென்சோயேட்டும் பூனைக்கு ஆகாதவை.

இத்துடன் நாவையும் சேர்த்து எண்ணுங்கள். நாயின் தோலில் பூசியது பெரும்பாலும் தோலில் தங்கும். பூனையின் தோலில் பூசியது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் சென்றுவிடும். "பூனை மேல தடவுறதெல்லாம் பூனைக்கு ஊட்டுறதுதான்" என்று மருத்துவர் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை.

நாங்கள் செய்தவை

மருத்துவர் பூனைக்கென்றே அளவிட்டுத் தயாரித்த சொட்டு மருந்தைப் பிடரியில், உரோமத்தை விலக்கித் தோலில் விட்டார். உடலில் நா எட்டாத இடம் அதுவன்றோ! கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சிகள் பிறகு வெளிவரும் என்பதால், மாதத்திற்கு ஒருமுறையாக மூன்று மாதம் விடச் சொன்னார். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வயிற்றில் நாடாப்புழு வளரும். அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்.

வீட்டில் நெல் மூட்டைகளை வெளியே எடுத்து, அறையின் மூலை முடுக்குகளைப் பெருக்கிக் குப்பையை எரித்தோம். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். சின்னியின் பழைய கோணியை அப்பாயியே கொண்டுபோய்த் தீயிலிட்டார். சின்னியைக் கட்டிக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்ததும் அதே கோணிதான். நோய் இருந்தது அதற்குள்; நாங்கள் அதற்குள் போடவிருந்ததோ நோயால் துன்புற்ற உயிரை.

இரண்டு வாரத்தில் தங்கையின் கால் ஆறியது. தை மாதத்தில் சின்னியின் வயிற்றில் வெல்வெட்டுப் போல் புதுமுடி அரும்பியது. பங்குனிக்குள் பழைய வரிகள் திரும்பின. இப்போது அது அப்பாயியின் கட்டிலடியில் படுக்கின்றது. வாரம் ஒருமுறை பேன் சீப்பையும் வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருபவரும் அப்பாயிதான்.

முடிவுரை

மூன்று ஆண்டுகளாகத் தவளையையும் கரப்பானையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்ற நான், வீட்டில் ஓர் உயிர் துன்புற்றபோது தெருவில் கேட்டதை நம்பிப் பினாயிலை எடுத்தேன். ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்த படிப்பை ஆய்வுக்கூடத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வீடு திரும்பும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு என எண்ணுகின்றேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பூனைக்கு முடி குறையுமானால் கோணியையும் தேடாதீர்கள், பினாயிலையும் தேடாதீர்கள். எந்த இடத்தில் குறைகின்றது, அரிப்பு உண்டா, முடியின் நுனி கூர்மையா முறிந்ததா, தாளில் விழும் பொடி சிவக்கின்றதா என்று நான்கையும் பாருங்கள். பார்த்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்குச் செல்லுங்கள். வாய் பேசாத அந்த உயிருக்காக நாம் சொல்லக்கூடிய சாட்சி அதுவே.